வாரத்துக்கு இருபத்தெட்டு மில்லிகிராம்

ஆகஸ்ட் 18

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன். ஆதாரமாகப் பதினான்கு வெற்றுக் கவர்களை இத்துடன் வைத்திருக்கிறேன், எண்ணிக்கொள். ஒவ்வொன்றின் மேலும் நீ எழுதிய தேதி இருக்கிறது. உள்ளே இருந்த இரண்டிரண்டு மாத்திரைகள் என் வயிற்றுக்குள் போயாயிற்று. இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்துகிறவன், ஐம்பத்திரண்டாவது வயதில் தன் மாத்திரைக் கவரைத் தங்கையிடம் திருத்தக் கொடுக்கிறான். இந்த அழகை யாரிடமும் சொல்லாதே. உங்கள் மருந்துக்கடை முதலாளிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

போனில் இதையெல்லாம் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். கவர் எப்படியும் தபாலில் போக வேண்டும், கூடவே ஒரு கடிதமும் போகட்டும்.

நெஞ்சில் மாற்றிய வால்வு ஒரு வருடமாக ஒழுங்காக ஓடுகிறது. சத்தமில்லாத அறையில் டிக் டிக் என்று எனக்கே கேட்கும். போன வாரம் பரீட்சை ஹாலில் முதல் பெஞ்சுப் பெண், "சார், உங்க வாட்ச் ரொம்ப சத்தமா ஓடுது" என்றாள். நான் வாட்ச் கட்டுவதே இல்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் அந்த ஐ.என்.ஆர். பரிசோதனையும் செய்தாயிற்று. இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டுமாம். இரண்டு புள்ளி ஒன்பது இருக்கிறது. "வாரத்துக்கு மொத்தம் இருபத்தெட்டு மில்லிகிராம், இதையே வச்சுக்கலாம் சார்" என்றார் டாக்டர். வெகுநாளைக்குப் பிறகு எனக்குக் கிடைத்த சரியான விடை அது.

பள்ளியில் புதிதாக ஒன்றுமில்லை. கரும்பலகையில் கோடு நேராகப் போடுவது எப்படி என்று நான் சொல்லிக்கொடுத்த ஜூனியர், இன்னும் எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான். விளையாட்டு ஆசிரியரை நாங்கள் 'விசில்' என்றுதான் கூப்பிடுவோம், அவனுக்கு இந்த மாதத்தோடு பணி ஓய்வு. அடுத்த வாரத்திலிருந்து பருவ விடுமுறை. மத்தியானத்தில் தன் வீட்டு மாடிக்குச் சீட்டாட வரச் சொல்கிறான். சீட்டு மட்டும்தான். நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. நாலு வருடத்துக்கு முன்பு உன் அண்ணியிடம் நீ அப்படித் தூக்கியதன் பலனாக, நான் இன்றைக்கும் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோபமெல்லாம் இல்லாத,
அண்ணன்

ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

கவர்கள் வந்தன. எண்ணினேன், பதினான்கு. புதிய பதினான்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு உனக்கு மாத்திரை எடுத்து வைப்பேன். அந்தக் கால்மணி நேரம் யாரும் என்னிடம் பேசக் கூடாது என்பது கடைச் சட்டம். "அண்ணன் பூஜை ஆரம்பிச்சாச்சு" என்று முதலாளி கேலி செய்வார். செய்யட்டும்.

அண்ணி விஷயத்தை இன்னும் எத்தனை கடிதத்தில் எழுதுவாய்? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உண்மையச் சொல்லு, உங்க அண்ணன் மறுபடி குடிக்கிறாரா?" என்று கேட்டாள். எனக்குப் பொய் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய். நானும் சில நாள் அப்படி நினைப்பதுண்டு.

ஆனாலும் கேட்டுவிடுகிறேன். சீட்டு மட்டும்தானே? ரத்தம் உறையாமலிருக்கப் போடும் இந்த மாத்திரையை வாங்க வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறேன். ஒரேயடியாகக் குடித்தால் ரத்தம் இன்னும் நீர்த்துவிடும், வயிற்றுக்குள் கசிந்தால் வெளியே தெரியாது. ஒரு நாள் மாத்திரை விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துப் போடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள் என்றும் சொல்லுவேன். உனக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. நீ ஒரு நாளும் விட்டதில்லை, கவர்களே சாட்சி.

கீரையைக் கூட்டாதே, குறைக்காதே, எப்போதும் ஒரே அளவு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தங்கை

செப்டம்பர் 20

அன்புள்ள தங்கைக்கு,

நீ ஊருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள் ஆகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. மற்றபடி பரவாயில்லை.

மூக்கிலிருந்து ரத்தம் வந்ததுகூட எனக்குப் பெரிதில்லை. விடுமுறை முடிந்த முதல் நாளே, ஆசிரியர் அறையில், எல்லோரும் பார்க்க வந்ததுதான் பெரிது. திருத்தி அடுக்கிய விடைத்தாள்கள் அத்தனையிலும் ரத்தம். ஜூனியர்தான் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். வண்டி சீட்டெல்லாம் பாழ். இனி அந்த ஆளிடம் நான் எப்படி மூஞ்சியைக் கொடுத்துப் பேசுவது? வயிற்றுக்குள்ளும் கசிவு என்றார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஐ.என்.ஆர். எட்டைத் தாண்டியிருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டரம்மா சொன்னதையே நீ நினைத்துக்கொண்டிருக்காதே. கவர்கள் எல்லாம் காலி, தேதி தவறவில்லை, அப்படியென்றால் உள்ளே இருந்த மாத்திரைதான் மாறியிருக்க வேண்டும் என்று அவள் போட்ட கணக்கு தர்க்கப்படி சரிதான். இரண்டு மில்லிகிராம் பெட்டியும் ஐந்து மில்லிகிராம் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்று நீயே சொன்னாய். யாருக்கும் கை தவறும். எனக்கு உன் மேல் வருத்தமில்லை. பிழைத்துவிட்டேன், அதோடு விடு.

அன்புடன்,
அண்ணன்

செப்டம்பர் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

வருத்தமில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று உன் கட்டிலருகே நின்றதை மறக்க முடியவில்லை. "மாத்திரை கலர் மாறியிருந்துச்சா சார்?" என்று டாக்டரம்மா கேட்டாள். "கவனிக்கலை" என்றாய். நீ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மாத்திரை விழுங்குவாய், எப்படிக் கவனித்திருப்பாய்? அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான்தான் எடுத்து வைப்பேன் டாக்டர், என் கைதான்" என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது. உன்னை அழ வைத்துவிட்டேனே என்றிருந்தது.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. "பத்தொன்பது வருஷத்துல ஒரு ஸ்ட்ரிப் மாத்திக் குடுத்ததில்லையேம்மா" என்றார். இரண்டு பெட்டியையும் கொட்டி எண்ணிப் பார்த்தோம். பாதி வெட்டிய ஸ்ட்ரிப்புகளை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் நல்லவர், "கொஞ்ச நாள் சோப்பு, பவுடர் பக்கம் பாரு" என்றார். அதனால் இப்போது சோப்பு அடுக்குகிறேன்.

நேற்று, வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் நேராக என்னிடம் வந்து மருந்துச் சீட்டை நீட்டினார். "நீ எடுத்துக் குடும்மா, நீ குடுத்தாத்தான் எனக்குத் திருப்தி." வாங்கினேன். எழுத்து தெரிகிறது, பெட்டி தெரிகிறது, கை போக மாட்டேன் என்கிறது. இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, பின்னால் போய் நின்றேன். சர்க்கரை மாத்திரைதான் அண்ணா. அதைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை.

அக்டோபர் கடைசியோடு நின்றுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் அண்ணன் என்பதால் பிழைத்துப்போனது. வேறு யாராவதாக இருந்திருந்தால்?

இந்த முறை மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொள்.

தங்கை

அக்டோபர் 6

அன்புள்ள தங்கைக்கு,

அவசரப்பட்டு வேலையை விடாதே. எனக்கு ஒரு சந்தேகம். விடுமுறையில் கிழமையே தெரியாமல் கிடந்தேன். ஒரு நாள் போட்டோமா இல்லையா என்ற குழப்பத்தில் இரண்டு கவரைச் சேர்த்து விழுங்கியிருப்பேனோ என்று தோன்றுகிறது. இரண்டு முறை நடந்திருக்கலாம். இதை உன் முதலாளியிடம் சொல். தவறு உன் பக்கம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நீ எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்.

அண்ணன்

அக்டோபர் 11

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். உனக்குக் கிழமை தெரியாமல் போயிற்றா? பிறந்ததிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். என் கல்யாணத் தேதியைச் சொன்னதும் நீ கேட்டது, "அது புதன்கிழமை ஆச்சே, யாரு வருவா?" என்றுதானே?

முதலாளியிடமும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "அண்ணன்னா இப்படி இருக்கணும்மா. தங்கச்சிக்காக மனுஷன் தன் தலையில எடுத்துப் போட்டுக்கிறாரு பாரு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அண்ணா. இத்தனை நாளில் முதல் தடவையாக நன்றாகச் சாப்பிட்டேன்.

உனக்கு இது புதிதா? எனக்கு ஏழு வயது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி நாற்காலியில் துண்டுக்கடியில் இருந்தது தெரியாமல் தொம்மென்று உட்கார்ந்தேன். 'படக்' என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பா வந்து, "எவன் உடைச்சது?" என்றார். நீ முன்னால் வந்து, "நான்தான்பா" என்றாய். அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அன்றிலிருந்து யார் உன்னைப் பற்றி என்ன சொன்னாலும் அதில் பாதியைத்தான் நம்புவேன். அண்ணி சொன்னதைக்கூட.

ஆனால் இதை நான் ஏற்றுக்கொள்ள முடியாது. பிறர் உயிரைக் கையில் வைத்துச் செய்கிற வேலை இது. நான் செய்த தவறை நீ சுமந்தால், நான் இன்னொரு தவறும் செய்வேன். முப்பத்தொன்றாம் தேதியோடு நிற்கிறேன். நீ எனக்காகப் பொய் சொன்னது மட்டும் போதும், அதை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவேன்.

உன் அன்புத் தங்கை

அக்டோபர் 16

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. இதற்கு முன் எழுதிய இரண்டைக் கிழித்துப் போட்டேன். இரண்டிலும் நான் கொஞ்சம் நல்லவனாக இருந்தேன். இதில் அப்படி ஒன்றும் இருக்காது.

நான் எழுதிய அந்த இரண்டு கவர்க் கதை பொய். ஆனால் நீ நினைக்கிற வகைப் பொய் இல்லை. உண்மையில் பத்தில் ஒரு பங்கைக் கிள்ளி, உன்னைக் காப்பாற்றவும் வேண்டும், என் மானமும் போகக் கூடாது என்று எழுதியது.

நடந்தது இதுதான். விசிலின் மாடியில் சீட்டுக்கட்டு ஒன்று இருந்தது, நாங்கள் அதைப் பிரிக்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி, மூன்று மத்தியானமும் ரம். அடுத்த வாரமும் அதே மூன்று நாள். முதல் நாள் நான் தயங்கினேன். "மாத்திரையும் மருந்து, இதுவும் மருந்து. ரெண்டும் ஒரே நாள்ல வேணாம், அவ்வளவுதானே வாத்தியாரே?" என்றான் விசில். அவன் ஓடச் சொன்னால் ஓடத் தெரிந்தவன், அவ்வளவுதான். அவன்மேல் பழி போட மாட்டேன். அந்த யோசனையைக் கணக்காக மாற்றியவன் நான். வாரத்துக்கு மொத்தம் இருபத்தெட்டு மில்லிகிராம் என்று டாக்டர் சொன்னார் அல்லவா? குடிக்கிற மூன்று நாளும் மாத்திரையை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாலு கவரையும் பிரித்து எட்டு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினேன். கூட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டு. சரியாக வந்தது. நாலு நாள் மூச்சை ஒரே நாளில் விட முடியுமா என்று யோசிக்கத் தெரியாதவனுக்குக் கணக்கு எதற்கு? இப்படி ஒரு விடையை ஒரு பையன் எழுதியிருந்தால் நோட்டைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்திருப்பேன்.

கவர்கள் காலியாகத்தான் உனக்கு வந்தன. மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டு வெற்றுக் கவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில், "குடிப்பீங்களா சார்?" என்று கேட்டபோது, என் ரத்தம் பட்ட சட்டையோடு ஜூனியர் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அவன் முன்னால் ஆமாம் என்று சொல்வதைவிடச் சாகலாம் என்று தோன்றியது. இல்லை என்றேன். கலர் மாறியதா என்று கேட்டபோது அவன் அங்கே இல்லை. நீ மட்டும்தான் இருந்தாய். அதனால் அதற்கு அவனைச் சாக்குச் சொல்ல முடியாது. வெளிர் ஊதா. அத்தனை மாத்திரையும் வெளிர் ஊதா, இரண்டு மில்லிகிராம், ஒன்றுகூட மாறவில்லை. கண்ணாடி இல்லாமலும் எனக்கு நிறம் தெரியும்.

இனி எழுதுவதுதான் கடினம். "என் கைதான்" என்று நீ சொன்னதும் நான் சுவர்ப்பக்கம் திரும்பியது அழுவதற்கு அல்ல. எனக்குச் சந்தோஷம் வந்தது. உன்னிடமிருந்து மறைக்கத் திரும்பினேன். தவறே செய்யாதவள், பொய் வாயில் வராதவள், என் மனைவியிடம் உண்மை பேசியவள், ஒரு தடவையாவது குற்றவாளியாக நிற்கிறாளே என்று. நாலு வருடமாக அதற்குத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. தோள் குலுங்கியது என்கிறாயே, அந்தச் சந்தோஷம்தான் அது. பிறகு உன்னை மன்னித்து ஒரு கடிதம் வேறு எழுதினேன். என் வாழ்க்கையில் அதைப்போல ரசித்து எழுதிய கடிதம் கிடையாது.

அப்பாவின் கண்ணாடியைப் பற்றி நீ ஏன் எழுதினாய்? எழுதாமல் இருந்திருந்தால் அதை நான் சொல்லியிருக்க மாட்டேன். நீ உட்காரும்போது அது ஏற்கெனவே உடைந்திருந்தது. போட்டுப் பார்க்கும்போது கீழே விழுந்து ஒரு பக்கச் சட்டம் போய்விட்டது. யாராவது உட்காரட்டும் என்று நாற்காலியில் வைத்துத் துண்டைப் போட்டு மூடினேன். அப்பா உட்காருவார் என்று எதிர்பார்த்தேன். நீ உட்கார்ந்தாய். உன் முகத்தைப் பார்த்ததும் தாங்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் சொன்னது வெறும் உண்மை. நீதான் அதைத் தியாகமாக்கினாய். நாற்பது வருடமாக நானும் மறுக்காமல் அனுபவித்து வந்தேன்.

இந்த முறையும் அப்படி ஆகிவிடக் கூடாது. நேற்று சின்ன டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாடியை, ரம்மை, எட்டு மாத்திரையை, கலரை. அவள் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா வயித்தை முதல்ல பார்த்திருப்போம் சார்" என்றாள். பிறகு, "உங்க தங்கச்சி எனக்கு மூணு தடவை ஃபோன் பண்ணி மன்னிப்புக் கேட்டாங்க" என்றாள். கோப்பில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நகல் இத்துடன் இருக்கிறது. உன் முதலாளியிடம் இதைக் காட்டு, என் போன கடிதத்தை அல்ல.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நான் அப்படிப்பட்டவன் என்பதை நம்பு. அது ஒன்றைத்தான் கேட்கிறேன். நீ நம்பினால்தான் உன் கை திரும்பும்.

அண்ணன்

அக்டோபர் 23

அண்ணாவுக்கு,

கடிதமும் நகலும் சனிக்கிழமை வந்தன. நகலை முதலாளியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். நான் எழுதிக் கொடுத்திருந்த தாளை மேஜை டிராயரிலிருந்து எடுத்து என்னிடமே கொடுத்து, "திங்கக்கிழமை கவுண்டருக்கு வந்துரும்மா" என்றார். போனேன். காலையில் ஏழெட்டுச் சீட்டு எடுத்துக் கொடுத்தேன். கை தானாகப் பெட்டிக்குப் போயிற்று.

கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. வீட்டிலும் யாரிடமும் காட்டவில்லை.

குடித்ததைப் பற்றி எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. அது டாக்டர் பார்க்க வேண்டியது. அவர்களிடம் இனி ஒன்றையும் மறைக்காதே. மாத்திரையை அங்கேயே மாதாமாதம் கொடுப்பார்கள், பேசிவிட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு, ஒரு நாளைக்கு இரண்டு. விட்டுப்போனால் சேர்த்துப் போடக் கூடாது. இதை உனக்கு நான் ஆகஸ்டிலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

கவர் மடிக்கிற வேலை இனி எனக்கு இல்லை. மத்தியானம் அந்தக் கால்மணி நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நேற்று வெளியே போய் நின்றுகொண்டிருந்தேன்.

ஏழு வயதிலிருந்து எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். நம்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். நம்பிவிட்டேன்.

தங்கை